ஒரு தட்டு சிச்சிலோவுக்காக மறுபடியும் வஹாகா

மெக்சிகோவின் வஹாகா நகரத்தில் நான் தேடிப் போன சாப்பாட்டுக் கடையின் கதவில் ‘வாடகைக்கு விடப்படும்’ என்று ஸ்பானிஷில் எழுதிய அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் படித்தபோது மதியம் மணி இரண்டரை. முந்தின நாள் ஹியூஸ்டனில் வீட்டைப் பூட்டிக் கிளம்பியதிலிருந்து ஒரு வேளைகூட ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கவில்லை. இங்கே வந்து ஒரு பிடி பிடிக்கலாம் என்று வயிற்றைக் காயப் போட்டு வைத்திருந்தேன். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, அதுவும் என் மேலேயே. கிளம்பும் முன் யாருக்காவது ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். இந்தப் பயணத்தில் திட்டத்துக்கு வெளியே போன பணம் மட்டும் 470 டாலருக்கு மேல். சம்பளமில்லாத விடுப்பு இரண்டு நாள். முன்னமே யாராவது சொல்லியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2016 முதல் 2018 வரை வேலை நிமித்தம் மெக்சிகோவில் கெரேத்தரோ நகரத்தில் இருந்தேன். சேர்ந்தாற்போல மூன்று நாள் விடுமுறை கிடைத்தால் தெற்கே வஹாகாவுக்குப் பேருந்து ஏறிவிடுவேன். போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதுதான் வேலை. அங்கே சின்னச் சாப்பாட்டுக் கடைகளுக்கு ஃபோண்டா என்று பெயர். நம் போண்டாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; நம்மூர் மெஸ் மாதிரி. மதியம் ஒரு சூப், சோறு, ஒரு குழம்பு, தொட்டுக்கொள்ளத் தோர்த்தியா என்கிற சோள ரொட்டி, ஒரு குவளை பழத்தண்ணீர், எல்லாம் சேர்த்து ஒரே விலை. நான் போகும் ஃபோண்டாவில் ஆறு மேசை. நடத்தியவர் அறுபதை நெருங்கிய ஒரு அம்மாள். எல்லோரும் தோன்யா என்றுதான் கூப்பிடுவார்கள், மரியாதைச் சொல் அது. வியாழக்கிழமை மட்டும் அவர் சிச்சிலோ வைப்பார், மோலே என்கிற மெக்சிகோக் குழம்பில் ஒரு வகை அது.

மோலே என்றாலே சாக்லேட் போட்ட கறுப்புக் குழம்பு என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வஹாகாவில் ஏழு மோலே என்று கணக்குச் சொல்வார்கள்: கறுப்பு, சிவப்பு, மஞ்சள், பச்சை, கொலோராதீத்தோ, மாஞ்சமாந்தேலெஸ், சிச்சிலோ. உண்மையில் ஏழோடு நிற்பதில்லை, ஊருக்கு ஊர் ஒன்று உண்டு. இதில் சிச்சிலோ எளிதில் கிடைக்காதது. சில்வாக்லே என்று ஒரு குண்டுக் கறுப்பு மிளகாய், வஹாகாவின் கன்யாதா பள்ளத்தாக்குப் பக்கம் மட்டும் விளைவது. அதைக் கருக வறுத்து, கூடவே தோர்த்தியாவையும் கரியாக்கி அரைத்து, மாட்டிறைச்சிச் சாற்றில் கரைத்துக் கொதிக்க விடுவார்கள். இனிப்பு கிடையாது, சாக்லேட் கிடையாது. சோம்பு வாசனை அடிக்கும் அவகாடோ இலை ஒன்றிரண்டு போடுவார்கள். உள்ளே பீன்ஸும் சௌசௌவும் மிதக்கும். நம் வீட்டுக் கூட்டில் கிடக்கிற சௌசௌவின் தாய்வீடே அந்தப் பக்கம்தான். கல்யாணத்துக்குக் கறுப்பு மோலே என்றால் துக்க வீட்டுக்குச் சிச்சிலோ என்று சொல்வார்கள். எனக்கு அதில் எங்கள் பாட்டி வைக்கும் மிளகுக் குழம்பின் சாயல் தெரிந்தது. ஆறு வருஷம் அந்த ருசி நாக்கிலேயே கிடந்தது.

சரி, பயணத்துக்கு வருகிறேன். 2024 மே கடைசி வாரம். ஹியூஸ்டனிலிருந்து வஹாகாவுக்கு நேராகவே விமானம் இருந்தது. திரும்பி வர அதில் ஞாயிறு மதியத்துக்கு டிக்கெட் போட்டுக்கொண்டேன். போவதற்கு மட்டும் கொஞ்சம் காசு மிச்சம் பிடிக்கலாமென்று மெக்சிகோ சிட்டியில் இறங்கி, புதன் இரவு ஒன்பதரைக்குக் கிழக்குப் பேருந்து நிலையத்தில் வண்டி ஏறினேன். ஏழு மணி நேரப் பயணம், விடிகாலை நாலரைக்கு வஹாகா. வந்ததும் படுக்கலாம் என்று புதன் இரவுக்கும் சேர்த்தே அறை போட்டிருந்தேன், ஓர் இரவுக்கு 48 டாலர். நம்மவர்களுக்கு ஒரு தகவல்: இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை, எனக்கு அப்படித்தான். விதி மாறக்கூடியது, டிக்கெட் போடும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காலை நாலு மணிக்கு வண்டி நின்றது. உய்ட்சோ சுங்கச்சாவடிக்கு முன்னால் சாலையை மறித்துவிட்டார்கள். வஹாகா பக்கம் இதற்கு ‘புளோக்கேயோ’ என்று பெயர், பால்காரர் வருவது போல வாழ்க்கையில் ஒரு அங்கம். மே 15 அங்கே ஆசிரியர் தினம். அதை ஒட்டி ஆசிரியர்கள் போராட்டத்தில் இறங்குவதும், நகரின் நடுச் சதுக்கத்தில் கூடாரம் போட்டு உட்காருவதும் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. 2006இல் ஜூன் 14ஆம் தேதி போலீஸ் அந்தக் கூடாரங்களைக் கலைக்கப்போய், மாதக்கணக்கில் நகரமே கொந்தளித்தது. அன்று சாலையில் உட்கார்ந்தது ஆசிரியர்களா, நிலத் தகராறில் யாரோ ஓர் ஊர்க்காரர்களா என்று பேருந்துக்குள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர்கள் நியாயம் அவர்களுக்கு, அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் யார்? எனக்குத் தெரிந்ததெல்லாம், ஏழு மணிக்கு ஏசி நின்றது, எட்டு மணிக்குக் கழிவறையில் தண்ணீர் தீர்ந்தது, ஒன்பது மணிக்கு வெயில் ஏறிவிட்டது என்பதுதான். அந்த மே மாதம் மெக்சிகோ முழுக்க அனல் காற்று வேறு. என்னிடம் அரை பாட்டில் தண்ணீரும் ஒரு பாக்கெட் சூயிங்கமும் இருந்தன. பக்கத்து இருக்கைப் பாட்டி பையைத் திறந்து வாழையிலையில் கட்டி வேகவைத்த தமால் என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை ஒன்றை என் மடியில் வைத்தார். வேண்டாம் என்றேன். “சாப்பிடு மிஹா, இது எப்போது முடியுமோ” என்றார். மிஹா என்றால் மகளே. பாதி தின்றேன். ருசிக்கவில்லை என்றால் பொய். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடம் வேண்டுமே என்று மீதியைப் பொட்டலம் கட்டினேன் பாருங்கள், அந்த அளவுக்கு முட்டாளாக இருந்திருக்கிறேன்.

பத்தரைக்கு ஆட்கள் இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள். நடந்து போகிறவர்களை மறியல்காரர்கள் ஒன்றும் சொல்வதில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு நிற்கும் லாரிகளுக்கு நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தேன். மறுபக்கம் இதற்கென்றே காத்திருந்த டாக்சிக்கு 400 பேசோ. பழக்கப்பட்டவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டி பிடித்து ஆளுக்கு நூறு கொடுத்ததை அப்புறம்தான் கவனித்தேன். தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது: மே, ஜூனில் வஹாகா போவதாக இருந்தால், போய்ச் சேரும் நாளில் எந்த முக்கியமான வேலையையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பேருந்து ஏறும் முன் டிக்கெட் கவுண்டரில் “ஆய் புளோக்கேயோஸ்?” (மறியல் இருக்கிறதா?) என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள், மறைப்பதில்லை. உள்ளூர்ச் செய்தியாளர்கள் ஃபேஸ்புக்கில் எந்தச் சாலை மூடியிருக்கிறது என்று மணிக்கு மணி போடுகிறார்கள். தண்ணீர் இரண்டு லிட்டர், தின்ன ஏதாவது, இழுக்கும் பெட்டிக்குப் பதில் முதுகில் மாட்டும் பை, சில்லறையாக முந்நூறு நானூறு பேசோ. இவ்வளவுதான் வேண்டும். விமானத்துக்குப் போகிற அன்று மறியல் வந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசித்து வையுங்கள், விமான நிலையச் சாலையும் தப்புவதில்லை.

இப்படித்தான் அந்தப் படிக்கு வந்து சேர்ந்தேன். கூகுள் வரைபடம் அப்போதும் ‘திறந்திருக்கிறது, ஆறு மணிக்கு மூடும்’ என்று காட்டிக்கொண்டிருந்தது. வீட்டிலேயே அந்தப் பக்கத்தைப் பத்து தடவை பார்த்தவள் நான். பழைய படங்களைப் பார்த்து எச்சில் ஊறியதே தவிர, கடைசிப் படம் எப்போது போட்டது என்று பார்க்கத் தோன்றவில்லை. பதினாலு மாதத்துக்கு முந்தையது. சின்னக் கடைக்காரர்கள் கடையை மூடும்போது வரைபடத்தில் போய் மாற்றுவார்களா என்ன? நேரத்தைப் பார்க்காதீர்கள், கடைசி விமர்சனத்தின் தேதியைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஒன்றும் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். முதல் தடவை போகும்போதே கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. இரண்டு வருஷம் போய் வந்தும் எனக்கு அது தோன்றவில்லை. மோலே கிடைக்கும் இடம் என்று கடையை வைத்திருந்தேனே தவிர, அந்த அம்மாளின் முழுப்பெயர்கூட எனக்குத் தெரியாது.

பசி, வெயில், ஏமாற்றம் மூன்றும் சேர்ந்தால் மனுஷருக்குப் புத்தி வேலை செய்யாது. முதலில் கையில் காசு வேண்டுமென்று ஒரு ஏடிஎம்மில் நாலாயிரம் பேசோ எடுத்தேன். திரையில் ‘உங்கள் டாலர் கணக்கில் இந்த மதிப்பில் மாற்றித் தருகிறோம், ஏற்கிறீர்களா’ என்று வந்தது. ஏற்காவிட்டால் பணம் வராதோ என்று பயந்து ‘ஏற்கிறேன்’ அழுத்தினேன். 25 டாலர் அதிகமாகப் போனது. இது எனக்குத் தெரியாத சமாச்சாரம் இல்லை, தெரிந்தே விழுந்தேன். ‘மாற்றம் வேண்டாம்’ என்று அழுத்தினாலும் பணம் வரும், நம் வங்கியின் மாற்று மதிப்பில் வரும், அது பெரும்பாலும் லாபம். உணவகத்தில் கார்டு மெஷினை நீட்டும்போதும் இதே கேள்வி வரும், பேசோவிலேயே போடச் சொல்லுங்கள். அப்புறம், ஏடிஎம் எல்லாம் ஐநூறு பேசோத் தாளாகத் துப்பும். ஃபோண்டாவில் நூறு பேசோ சாப்பாட்டுக்கு அதை நீட்டினால் கடைக்காரர் முகம் சுருங்கும். பெரிய கடை ஒன்றில் தண்ணீர் பாட்டில் வாங்கி முதலில் உடைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தப்பு, இரண்டு தெரு தள்ளி இருந்த மொட்டைமாடி உணவகம். வாசலில் ‘ஏழு மோலே ருசி’ என்று பலகை. மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை யுனெஸ்கோ 2010இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது உண்மைதான். ஆனால் அதை உணவு அட்டையில் அச்சடித்திருக்கும் இடங்களில் நான் நன்றாகச் சாப்பிட்டதாக ஞாபகமில்லை. ஏழு சின்னக் கிண்ணங்கள் வந்தன. சிச்சிலோ என்று வைத்ததில் சர்க்கரை தூக்கலாக இருந்தது. பொட்டலத்தில் வரும் விழுதைக் கரைத்து, நிறத்துக்கு ஒன்று, இனிப்புக்கு ஒன்று என்று பிரித்திருந்தார்கள். வெறுப்பில் வெறும் வயிற்றில் இரண்டு சின்னக் கிண்ணம் மெஸ்கால் என்கிற சாராயம் வேறு. வஹாகா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வெயிலில் உடம்பில் நீரும் வற்றியிருந்தது, அதெல்லாம் அப்போது யாருக்கு ஞாபகம்? பில் 890 பேசோ, அதில் பதினைந்து சதவீதம் டிப்ஸ் அவர்களே சேர்த்திருந்தார்கள். மெக்சிகோவில் டிப்ஸ் கட்டாயம் இல்லை. கேட்காமல் பில்லில் சேர்க்கக்கூடாது, எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். நல்லபடியாகக் கவனித்தால் பத்து பதினைந்து சதவீதம் வைப்பது அங்கே வழக்கம், நானும் வைப்பேன். அன்று சண்டை போடத் தெம்பில்லாமல் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று ராத்திரி என் வயிறு பதில் சொன்னது. விவரம் வேண்டாம். வெள்ளிக்கிழமை முழுக்க அறையிலேயே. தனியாக, வெளியூரில், கழிவறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு ‘ஒரு குழம்புக்காகவா’ என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டபோது வீடியோவை அணைத்துவிட்டு, கோயில் பார்த்தேன், சந்தை பார்த்தேன் என்று கதை அளந்தேன். சாயங்காலம் அறை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண் சொல்லித்தான் தெருமுனை மருந்துக் கடைக்குப் போனேன். மெக்சிகோவில் பல மருந்துக் கடைகளை ஒட்டியே ஒரு சின்ன அறையில் மருத்துவர் இருப்பார், கட்டணம் மிகக் குறைவு, முன்பதிவு தேவையில்லை. 2010லிருந்து அங்கே மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தருவதில்லை. ஆகவே நேராகக் கவுண்டரில் போய்க் கெஞ்சிப் பயனில்லை, முதலில் அந்த அறைக்குள் போக வேண்டும். எனக்கு ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை என்றார் மருத்துவர். ‘சூயேரோ’ எனப்படும் உப்புச் சர்க்கரை நீர் நாலு பாட்டிலும் வேறு ஒரு மாத்திரையும் கொடுத்தார். எல்லாம் சேர்த்து 600 பேசோ. அந்த நாலு பாட்டிலை ஊருக்கு வந்த முதல் நாளே வாங்கி அறையில் வைத்திருந்தால் பாதி அவதி குறைந்திருக்கும்.

அறையில் படுத்துக் கிடந்தபோது இன்னொன்றும் உறைத்தது. அந்தத் தெருவின் சுவர்களில் தேர்தல் விளம்பரங்களுக்கு நடுவே, வாடகை ஏறி உள்ளூர்க்காரர்கள் வெளியேற வேண்டியிருப்பதைப் பற்றிப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். நான் செயலியில் பிடித்த அந்த அழகான அறை, மஞ்சள் சுவர், முற்றத்தில் காகிதப்பூ, முன்பு யாருடைய வீடாக இருந்ததோ. ஃபோண்டா ஏன் மூடியது என்று தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பதிலுக்கு உள்ளேயேதான் படுத்திருந்தேன் போலிருக்கிறது.

சனிக்கிழமை காலில் நிற்கத் தெம்பு வந்தது. தோன்யாவைத் தேடலாம் என்று முடிவு செய்தேன். அக்கம்பக்கத்து விடுதிகளில் கேட்டால் எல்லோரும் புது ஆட்கள், அந்தக் கடை இருந்ததே தெரியாது. அப்புறம்தான் மூளை வேலை செய்தது. வஹாகாவில் மோலே வைக்கிறவர்கள் மிளகாயையும் கொக்கோவையும் வீட்டில் வறுத்து எடுத்துக்கொண்டு ‘மோலினோ’ எனப்படும் அரவை மில்லுக்குப் போவார்கள். நம் ஊரில் மிளகாய்த்தூள் அரைக்க மாவு மில்லில் டப்பாவோடு வரிசையில் நிற்போமே, அப்படியே. கடையிலிருந்து மூன்றாவது தெருவில் ஒரு மில் இருந்தது. வாசலிலேயே நெடி மூக்கில் ஏறியது. மில்காரரிடம் போய், ஆறு மேசை, வியாழக்கிழமை சிச்சிலோ, நரைத்த பின்னல், என்று அடையாளம் சொன்னேன். பெல்ட் ஓடுகிற சத்தத்துக்கு மேல் கத்தினார்: “ஞாயிற்றுக்கிழமை த்லாகொலூலா சந்தையில் இருப்பாள், தமால் விற்கிறாள்.” இதற்கு நான் வியாழக்கிழமையே வந்திருக்கலாம். ஒரு சமையல்காரரைத் தேடுவதாக இருந்தால் அவர் எங்கே சமைத்தார் என்று தேடாதீர்கள், எங்கே அரைத்தார், எங்கே கறி வாங்கினார் என்று போய்க் கேளுங்கள். வாடகை ஏறினால் கடை போகும், மில்லைத் தேடி அவர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

த்லாகொலூலா, வஹாகா நகரத்திலிருந்து கிழக்கே முப்பது கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பேர் போனது. கொலெக்தீவோ என்கிற பங்கு டாக்சியில் ஏழு மணிக்கே கிளம்பினேன். முன் இருக்கையில் ஓட்டுநரோடு இரண்டு பேரை நெருக்கி வைப்பார்கள். தனியாகப் போகும் பெண்கள் பின் இருக்கை காலியாகும் வரை நின்று ஏறலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. சந்தையில் தார்ப்பாய்களுக்குக் கீழே வெள்ளைப்பூண்டும் வறுத்த வெட்டுக்கிளியும் சப்போட்டாவும் குவிந்திருந்தன. சப்போட்டா என்ற நம் சொல்லே அந்த நாட்டு ‘நாவாட்ல்’ மொழியிலிருந்து ஸ்பானிஷ் வழியாக வந்ததுதான். ஒன்பது மணிக்கு அவரைக் கண்டுபிடித்தேன். எவர்சில்வர் பானைக்குப் பின்னால் அதே நரைப் பின்னல். ஓடிப் போய், நான்தான், இந்தியப் பெண், வியாழக்கிழமை தோறும் ஜன்னல் ஓர மேசை என்றேன். என்னை உற்றுப் பார்த்தார். “எத்தனையோ பேர் வந்தார்கள் மிஹா” என்றார். “மோலேவா, ராஹாஸா, எது வேண்டும்?” என்று தமால் பானையைத் திறந்தார். ராஹாஸ் என்றால் மிளகாய்க் கீற்று. கொஞ்சம் வலித்தது. ஆறு வருஷமாக நான் சுமந்து திரிந்தவருக்கு என்னைச் சுத்தமாக ஞாபகமில்லை.

நின்றபடியே இரண்டு தமால் தின்றேன். கடை என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, வீட்டுக்காரர் கேட்ட வாடகைக்கு ஆறு மேசையில் சோறு போட முடியாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சிச்சிலோவா? இப்போதெல்லாம் யாராவது சொல்லி வைத்தால் வீட்டில் வைப்பதுண்டு. “இன்று சந்தை. மிளகாயும் கறியும் வாங்கி வைக்கிறேன், நாளைக்கு வா. காசு இப்போதே கொடு.” தொள்ளாயிரம் பேசோ. என் விமானம் அன்று மதியம் மூன்று மணிக்கு. தார்ப்பாய் நிழலில் நின்று செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட்டை மாற்றினேன், 190 டாலர். அறைக்கு இன்னும் இரண்டு இரவு, 96. மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல். என்ன பைத்தியக்காரத்தனம் என்று அப்போதே தெரியும். மாற்ற முடியாத மலிவு டிக்கெட் வாங்கியிருந்தால் இந்தக் கிறுக்கும் பிடித்திருக்காது, அல்லது முழு டிக்கெட்டும் போயிருக்கும். இப்படிப் பழைய இடம் தேடிப் போகிற பயணத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குங்கள்.

திங்கட்கிழமை அவர் வீடு. முற்றத்தில் விறகடுப்பு, அதன் மேல் கோமால் என்கிற பெரிய மண் தட்டு. சில்வாக்லே கிலோ ஆயிரம் பேசோவுக்கு மேல் என்று காட்டினார். எட்டு பேருக்கான பானைக்குக் கால் கிலோ வாங்கியிருந்தார். காம்பைக் கிள்ளி, வயிற்றைக் கீறி, விதையைத் தட்டித் தனியே ஒரு கிண்ணத்தில் சேர்த்தார். தோலை மட்டும் கோமாலில் போட்டு அழுத்தி அழுத்தித் திருப்பினார். மாநிறத்தில் எடுத்துவிடுவார் என்று நினைத்தேன், நிறுத்தவில்லை. கரிக்கறுப்பாகி ஓரம் பளபளக்கிற வரை விட்டார். எனக்கு இருமல் தாங்கவில்லை. நம் வீட்டில் மிளகாய் தாளித்தால் நாலு வீட்டுக்குக் கேட்குமே, அந்த இருமல். விதையை வீட்டுக்குள் எரிக்கவே கூடாது என்று சொல்லி மதிலோரம் கொண்டுபோய், ஒரு தகரத்தில் போட்டுக் கொளுத்தினார். நீல நிறத்தில் எரிந்து சாம்பலாய் உட்கார்ந்தது. ஒரு தோர்த்தியாவையும் அதே போல் கரியாக்கினார். பிறகு எல்லாவற்றையும் தண்ணீரில் ஊறப் போட்டு, கறுப்புத் தண்ணீரைக் கொட்டிக் கொட்டி மூன்று முறை மாற்றினார், கசப்பு இறங்குவதற்காக. மில்லுக்குப் போகவில்லை. கொஞ்சம்தானே என்று மெத்தாத்தேயில் மண்டி போட்டு அரைத்தார். மூன்று கால் வைத்த சாய்வு அம்மி என்று வைத்துக்கொள்ளுங்கள். நானும் ஒரு ஐந்து நிமிஷம் தள்ளிப் பார்த்தேன், முழங்கை விட்டுப்போயிற்று. கறிச்சாற்றில் கரைத்து, சோள மாவைக் கொஞ்சம் கலக்கிக் கெட்டியாக்கி, அவகாடோ இலையைத் தணலில் வாட்டிப் போட்டார். சோள மாவைச் சின்ன உருண்டையாக்கி, கட்டை விரலால் நடுவில் ஒரு குழி வைத்து ஒவ்வொன்றாகக் குழம்பில் விட்டார். சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்த சோளம் அது. குழி எதற்கு என்றால் குழம்பு தங்கி நிற்க.

மூன்று மணிக்குத் தட்டு வந்தது. மேலே வெங்காயமும் வாட்டிய பச்சை மிளகாய்க் கீற்றும், ஓரத்தில் எலுமிச்சை. பக்கத்து வீட்டு ஆட்கள் ஆறு பேர் வந்து உட்கார்ந்தார்கள், என் காசில் விருந்து. முதல் வாய் வைத்தேன். சாம்பல் வாசனை, அடித் தொண்டையில் ஒரு கசப்பு, பின்னால் எங்கோ இலையின் மணம். கனமான, கறாரான ருசி. நன்றாக இருந்ததா? இருந்தது. ஆனால் அது நான் தேடி வந்தது இல்லை. அந்த மிளகுக் குழம்புச் சாயலே அதில் இல்லை. எச்சில் கையோடு யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இத்தனைக்கும் பிறகு இதைச் சொன்னால் நன்றி கெட்டத்தனம் ஆகிவிடுமோ என்று பயம். கடைசியில், கடையில் சாப்பிட்டது கொஞ்சம் வேறு மாதிரி இருந்ததே என்று மெதுவாகக் கேட்டுவிட்டேன்.

தோன்யா வாய்விட்டுச் சிரித்தார். “கடையில் சில்வாக்லே போட்டு யாருக்குக் கட்டும்? இரண்டே இரண்டு போடுவேன், நிறத்துக்கு. மீதியெல்லாம் குவாஹியோ, மிளகு கொஞ்சம் கூட.” குவாஹியோ என்பது அங்கே எங்கும் கிடைக்கிற சாதாரண நீட்டுக் காய்ந்த மிளகாய். ஆறு வருஷம் நான் ஏங்கியது சிக்கனத்துக்காக அவர் வைத்த குழம்புக்கு. எனக்கு இப்போதும் அதுதான் பிடித்திருக்கிறது, சொல்ல வெட்கமாக இருந்தாலும். அதை எப்படி வைப்பது என்று கேட்டேன். கை நிறைய நீர் சொட்டச் சொட்ட ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் போனில் பதிந்துகொண்டேன். இந்த முறை வாட்ஸ்அப் எண்ணும் வாங்கினேன்.

கொஞ்சம் குவாஹியோ இங்கேயே வாங்கிக்கொண்டு போகவா என்றதற்கு அவர் கையை ஆட்டினார். “அதற்கு எதற்கு இவ்வளவு தூரம் வந்தாய்? உங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்குமே.” கிடைக்கும். ஹியூஸ்டனில் என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு மெக்சிகன் கடையில் மூட்டை மூட்டையாக வைத்திருக்கிறார்கள்.